கிங் ஆலிவர், 1923: எந்த ரீமாஸ்டரைக் கேட்பது?

முரளி_திருச்சி

வணக்கம் நண்பர்களே. லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கை 1950-களில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது அவருடைய குரு கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட் வரை வந்தாயிற்று. 'டிப்பர்மவுத் புளூஸ்' என்று ஸ்ட்ரீமிங்கில் தேடினால் வரிசையாக வந்து விழுகிறது. எல்லாவற்றிலும் 'ரீமாஸ்டர்', அதாவது ஒலியைச் சீர்செய்த பதிப்பு, என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. ஒன்றில் இரைச்சலே இல்லை, கூடவே கார்னெட்டிலும் (ட்ரம்பெட் மாதிரி ஊதுகருவி) உயிர் இல்லை. இன்னொன்றில் இரைச்சல் காதை அடைக்கிறது. நீளம்கூட வேறு வேறு. எதை நம்பிக் கேட்பது? சிடி வாங்கவும் தயார்தான், சரியானதைச் சொல்லுங்கள்.

பழையதட்டு

முரளி, முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'டிப்பர்மவுத்' இரண்டு முறை பதிவானது. 1923 ஏப்ரல் 6 அன்று இந்தியானா மாநிலத்து ரிச்மண்டில் ஜெனெட் கம்பெனிக்கு ஒன்று. அதே ஆண்டு ஜூன் 23-ல் சிகாகோவில் ஓகே கம்பெனிக்கு இன்னொன்று. இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டுக் கலந்துவிடுகிறார்கள். நீளம் வேறுபடுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி வேகம், அதைப் பிறகு பேசலாம்.

அந்த ஒரே வருடத்தில் குழு ஜெனெட், ஓகே, கொலம்பியா, பாரமவுண்ட் என நான்கு கம்பெனிகளுக்கு வாசித்தது. கிடைத்திருப்பவை 37 பதிவுகள். அவற்றை முழுதாக, வரிசையாக, அக்கறையோடு கொண்டுவந்த தொகுப்பு 2006-ல் வந்த 'ஆஃப் தி ரெக்கார்ட்'. டக் பென்சன் ஒலியைப் பார்த்துக்கொண்டார், டேவிட் சேகர் குறிப்புகள் எழுதினார், பழைய பதிவுகளை வெளியிடும் ஆர்க்கியோஃபோன் கம்பெனி மூலம் வெளியானது. பிறகு ஆர்க்கியோஃபோனே நூற்றாண்டுக்காக 'சென்டென்னியல்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தது. அதில் ஆலிவரோடு அக்காலத்து வேறு குழுக்களின் தட்டுகளும் உண்டு. ஒலிச் சீரமைப்பு ரிச்சர்ட் மார்ட்டின், குறிப்புகள் ரிக்கி ரிகார்டி. 2025 கிராமியில் வரலாற்று ஆல்பம், ஆல்பம் குறிப்புகள் இரண்டு விருதையும் வாங்கியது. இரண்டில் எது கையில் கிடைத்தாலும் வாங்குங்கள்.

இன்னொன்று. ரீமாஸ்டர் என்றதும் எங்கோ ஒரு மாஸ்டர் டேப் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். 1923-ல் டேப்பே கிடையாது. மெழுகில் வெட்டி, அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, தட்டு அடித்தார்கள். ஜெனெட், பாரமவுண்ட் உலோக அச்சுகளில் பெரும்பகுதி காயலான் கடைக்குப் போய்விட்டது. மிச்சமிருப்பது யாரோ வீட்டில் நூறு தடவை ஓட்டித் தேய்த்த தட்டுதான். ஆலிவரின் 'ஜூலூஸ் பால்' இருக்கும் ஜெனெட் தட்டுக்கு உலகத்தில் தெரிந்த பிரதி ஒன்றே ஒன்று. ஆகவே எந்தத் தொகுப்பைப் பார்த்தாலும் என் முதல் கேள்வி இதுதான்: யாருடைய தட்டிலிருந்து எடுத்தார்கள், அது எந்த நிலையில் இருந்தது? மென்பொருள் பற்றிய பேச்செல்லாம் அப்புறம்.

டிஜிட்டல்_தாஸ்

ஐயா சொல்வதில் பாதி ஒத்துக்கிறேன். நான் சினிமா ஒலிப்பதிவு வேலை பார்க்கிறவன், சத்தம் நீக்குவது தினசரி வேலை. தட்டு நல்லதா இருக்கணும், சரி. ஆனா அதுக்காக இரைச்சலை அப்படியே விடணும்னு ஏன் பிடிவாதம்? இன்னைக்கு ஹெட்போன்ல கேட்கிற பிள்ளைங்களுக்கு முதல் பத்து நொடியில அந்த 'ஸ்ஸ்ஸ்' வந்தா அடுத்த பாட்டுக்குப் போயிடுவாங்க. ஆலிவரைக் கேட்கவே மாட்டாங்க. சுத்தம் பண்ணிக் கொடுத்தா நாலு பேர் உள்ளே வருவாங்க. கருவிகள் இருக்கும்போது பயன்படுத்தாம விடுறது எனக்குப் புரியலை. சத்தம் நீக்குற சேடார் 1980-களிலேயே வந்தாச்சு, ஐசோடோப் ஆர்எக்ஸ் இப்ப எல்லார் கையிலும் இருக்கு.

பழையதட்டு

தாஸ், கருவி மேல் எனக்குப் பகை இல்லை. சேடாரே பிரிட்டிஷ் தேசிய ஒலிக் காப்பகத்தின் தேவைக்காகப் பிறந்த தொழில்நுட்பம்தானே. எந்தச் சத்தத்தை நீக்குகிறோம் என்பதில்தான் நம் இருவருக்கும் வழக்கு.

கீறல், தெறிப்பு எல்லாம் தனித்தனியாக வரும். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம், அரிசிக்குச் சேதமில்லை. தொடர்ந்து வரும் இரைச்சல் அப்படிப்பட்டதல்ல. அது இசையின் மேல்ஸ்தாயி ஒலிகள் இருக்கும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரைச்சலைக் கழித்தால் அவையும் சேர்ந்து போகும்.

1923-ல் மைக் இல்லை என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். ஒரு பெரிய கூம்பின் முன்னால் ஏழு பேர் நின்று வாசித்தார்கள். அந்தக் கூம்பு பிடித்தது சுமார் 250 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேலே கேட்பதெல்லாம் மங்கலான கீற்றுகள். பேன்ஜோ நரம்பை நகம் தொடும் இடம், கார்னெட் ஒரு சுரத்தை எடுக்கும்போது நாக்கு படும் இடம், எல்லாம் அந்தக் கீற்றுகளில்தான் இருக்கிறது. இருப்பதே கொஞ்சம். அதையும் துடைத்துவிட்டால் மெட்டு மட்டும் மிஞ்சும், வாசித்த ஆள் காணாமல் போய்விடுவார்.

தெறிப்பு நீக்குவதிலும் கவனம் வேண்டும். குழுவின் டிரம்மர் பேபி டாட்ஸ் அந்தப் பதிவுகளில் முழு டிரம் செட்டை வாசிக்க முடியவில்லை. பெரிய முரசின் அதிர்வில் வெட்டும் ஊசி துள்ளிவிடும் என்று பயந்தார்கள். பெரும்பாலும் மரக்கட்டைகளைத் தட்டித்தான் தாளம் கொடுத்தார். அந்த 'டக்' சத்தம் மென்பொருளுக்குக் கீறலாகவே தெரியும். தானாக நீக்கும் அளவைக் கூட்டி வைத்தால் பேபி டாட்ஸையே பாதி நீக்கிவிடும். பித்தளைக் கருவிகளுக்கும் இதே கதிதான், அவற்றின் அலைவடிவம் கூர்கூராக இருக்கும். ஜாஸின் தொடக்க காலத் தாளக்காரர் ஒருவரை நாமே அழித்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று பெருமைப்பட என்ன இருக்கிறது?

வீணை_கலா

இழை ரொம்ப நல்லா போகுது. வேகம் பற்றிப் பிறகு பேசலாம்னு சொன்னீங்க, அதுல எனக்குச் சொல்ல இருக்கு.

எல்லாரும் '78' தட்டுன்னு சொல்றோம், அதாவது நிமிஷத்துக்கு 78 சுத்து. மின்சார மோட்டார் பரவலான பிறகுதான் அந்த எண் நிலைச்சது. அதுக்கு முன்னாடி பல ஸ்டுடியோக்களில் எடைக்கல் இறங்குற விசையில்தான் பதிவு மேசை சுத்தினது. நிமிஷத்துக்கு 75 சுத்து வாக்கிலிருந்து 80-க்கு மேல வரைக்கும் எதுவா வேணும்னாலும் இருக்கும். வேகம் சுமார் 6 சதவீதம் மாறினா சுருதி அரைக்கட்டை மாறிடும். மூணு நிமிஷப் பதிவுல பத்து நொடி வித்தியாசம் வரும். முரளி, நீங்க கவனிச்ச நீள வித்தியாசத்துல மீதி இதுதான்.

சரியான வேகத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, அந்தக் குழுவுல கார்னெட், கிளாரினெட் எல்லாம் பி-ஃபிளாட் கருவிகள். நியூ ஆர்லியன்ஸ் ஆட்கள் பி-ஃபிளாட், இ-ஃபிளாட், எஃப், ஏ-ஃபிளாட் மாதிரி சுருதிகளில் சௌகரியமா வாசிப்பாங்க. ஒரு ரீமாஸ்டர்ல பாட்டு 'பி'யிலோ, ரெண்டு சுருதிக்கு நடுவிலோ கேட்டா உடனே சந்தேகப்படணும். யாரும் கார்னெட்டை எடுத்துக்கிட்டுப் போய் அஞ்சு ஷார்ப் உள்ள சுருதியில வேணும்னே வாசிக்க மாட்டாங்க. பியானோ இருந்தா இன்னும் வசதி, அதை நடுவுல மாத்திச் சுருதி சேர்க்க முடியாதே.

சுருதி மட்டும் போகலை, நடையும் போகுது. அரைக்கட்டை ஏத்தி வச்ச பதிப்புல ஆலிவர் குழு பதறிக்கிட்டு ஓடுற மாதிரி இருக்கும். சரியான வேகத்துல கேட்டா அதே ஆட்கள் நிதானமா, இடுப்பு ஆட்டி ஆடுறதுக்கு வாசிச்சவங்கன்னு புரியும். லிங்கன் கார்டன்ஸ் நடன மண்டபத்துல ஆடினவங்களுக்கு வாசிச்ச குழு அது. சின்ன வயசுல நாம பார்த்த மௌனப் படங்கள் வேகமா ஓடினதால அந்தக் காலத்து மனுஷங்க எல்லாரும் குடுகுடுன்னு ஓடினாங்கன்னு நினைச்சோம், ஆரம்ப கால ஜாஸைப் பற்றியும் பல பேருக்கு அப்படி ஒரு எண்ணம் இருக்கு. அதை உண்டாக்கினதே தப்பான வேகத்துல எடுத்த தொகுப்புகள்தான்னு எனக்குத் தோணுது.

யாழ்_குமரன்

கலா அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் ஆர்ம்ஸ்ட்ராங் தன்ர பேரில நடத்தின ஹாட் ஃபைவ் குழு பக்கம் கொஞ்சம் சொல்லுறன், முரளி எப்படியும் அடுத்து அங்கதான் வரப்போறார்.

ஹாட் ஃபைவ், ஹாட் செவன் பதிவுகளுக்கு ரெண்டு பெரிய பெட்டிகள் கிட்டத்தட்ட ஒரே காலத்தில வந்தது. 1999-ல ஜேஎஸ்பி லேபிள், நாலு இறுவட்டு. 2000-ல கொலம்பியா லெகசி, அதுவும் நாலு. ரெண்டும் என்னட்ட இருக்கு. கொலம்பியா பெட்டியின்ர புத்தகமும் அமைப்பும் அருமை. ஆனா கேக்கிறதுக்கு நான் எடுக்கிறது ஜேஎஸ்பிதான். அதைச் செய்தவர் ஜான் ஆர். டி. டேவிஸ்.

இந்த மனுசனைப் பற்றித் தனியாக ஒரு இழையே தொடங்கலாம். 1927-ல பிறந்தவர், 2004-ல காலமானவர், இங்கிலாந்துக்காரர். டெம்பரன்ஸ் செவன் குழுவில ஊதினவர். கணினி வர முதலே தட்டுகளைச் சுத்தம் செய்தவர். எப்படி? தட்டை டேப்பில பதிஞ்சு, கீறல் சத்தம் வாற இடத்தைக் கையால முன்னும் பின்னும் இழுத்துக் கண்டுபிடிச்சு, அந்தப் புள்ளியில மட்டும் டேப்பின்ர காந்தப் பூச்சைப் பிளேடால சுரண்டி எடுப்பார். ஒரு பாட்டில எத்தனை கீறல் இருக்குமெண்டு யோசியுங்கோ. அவ்வளவு பொறுமை. ஆனா பின்னணி இரைச்சலில அவர் கை வைக்க மாட்டார், அது அங்கேயே இருக்கும். ரெண்டு நிமிசத்தில காது அதை மறந்திடும்.

'வெஸ்ட் எண்ட் புளூஸ்' எடுத்துப் பாருங்கோ, 1928 ஜூன் 28. தொடக்கத்தில ஆர்ம்ஸ்ட்ராங் தனியா ஊதுறது எல்லாப் பதிப்பிலயும் நல்லாத்தான் இருக்கும், அதை வச்சுத் தீர்மானிக்காதேங்கோ. டிராம்போன் தனி வரும்போது பின்னால டிரம்மர் ஸட்டி சிங்கிள்டன் 'க்ளொப் க்ளொப்' எண்டு தட்டுறதைக் கேளுங்கோ. பிறகு கடைசிச் சுற்றில ஆர்ம்ஸ்ட்ராங் ஒரு மேல் சுரத்தைப் பிடிச்சு நாலு மாத்திரைக் கட்டு அளவுக்கு விடாமல் நிக்கிற இடம். நல்ல பதிப்பில அந்தச் சுரம் நிக்கேக்க உள்ளுக்குள்ள மெல்ல வளருறது தெரியும், பின்னால ஏர்ல் ஹைன்ஸின்ர பியானோ தனியாகக் கேக்கும். அதிகம் கழுவின பதிப்பில அந்தச் சுரம் தட்டையான கோடு, பியானோ அதுக்குள்ள கரைஞ்சிடும்.

முரளி_திருச்சி

எல்லாருக்கும் நன்றி. கேட்கக் கேட்க ஆர்வம் கூடுகிறது. ஒரு அடிப்படைக் கேள்வி. இந்தத் தட்டுகளில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது? தேய்மானம் மட்டுமா? புத்தம் புதுத் தட்டாகவே கிடைத்தால் இரைச்சல் இருக்காதா?

பழையதட்டு

புதுத் தட்டிலும் இருக்கும். தட்டு செய்த பொருளே இரைச்சலுக்குக் காரணம். பெயர் அரக்குத் தட்டு என்றாலும் அதில் அரக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். மற்றதெல்லாம் கல்மாவு, கொஞ்சம் பஞ்சு நார், கறுப்பு நிறத்துக்குக் கரி. கல்மாவு வேண்டுமென்றே சேர்த்தது. அக்காலத்து எஃகு முள் ஒவ்வொரு தட்டிலும் முதல் சில சுற்றுகளிலேயே தேய்ந்து பள்ளத்தின் அளவுக்கு வரவேண்டும், அதைத் தேய்த்தது இந்த மாவுதான். முள் மாவின் மேல் உரசும் சத்தத்தையே நாம் இரைச்சலாகக் கேட்கிறோம். மலிவுக் கலவை என்றால் சத்தம் கூடும். பாரமவுண்ட் தட்டுகளின் அவப்பெயர் அதனால்தான். விஸ்கான்சினில் நாற்காலி செய்யும் கம்பெனியின் கிளைத்தொழில் அது, கலவையில் சிக்கனம் பார்த்தார்கள். மா ரெய்னி, பிளைண்ட் லெமன் ஜெபர்சன் போன்ற புளூஸ் பாடகர்கள், ஆலிவரின் சில பக்கங்கள் எல்லாம் அந்தக் கரகரப்புக்குள்தான் கிடக்கின்றன.

இதில் நமக்கு ஒரு சம்பந்தம் உண்டு. அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனது. சோட்டா நாக்பூர் காடுகளில் பலாச மரத்திலும் குசும மரத்திலும் அரக்குப் பூச்சி விடும் பிசினைச் சுரண்டி, உருக்கி, கல்கத்தா துறைமுகம் வழியாக ஏற்றினார்கள். நியூ ஆர்லியன்ஸ் ஆட்களின் மூச்சு சிகாகோவில் பதிவாகி, ஜார்க்கண்ட் காட்டுப் பிசினில் அச்சாகி, நூறு வருடம் தாக்குப்பிடித்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

தேய்மானம் பற்றிக் கேட்டீர்கள். நல்ல தொகுப்புக்காரர்களின் உண்மையான வித்தை கணினிக்கு முன்னாலேயே முடிந்துவிடும். முள்தான் விஷயம். எல்பிக்கான முள்ளை 78-ல் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் விழுந்து தூசியைத்தான் வாசிக்கும். 78-க்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அகலமான முள் வேண்டும். அதிலும் பல அளவுகள் வைத்திருப்பார்கள். பழைய கிராமபோன் முள் பள்ளத்தின் சுவரில் எந்த உயரத்தில் தேய்த்ததோ, அதற்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ உட்காரும் முள்ளைப் போட்டால் யாரும் தொடாத சுவர் கிடைக்கும். அப்படியே ஸ்டீரியோ காட்ரிட்ஜால் இரண்டு சுவரையும் தனித்தனியாக எடுத்து, சேதம் குறைந்த பக்கத்தைப் பயன்படுத்துவார்கள். இவ்வளவும் செய்தபின் இரைச்சல் தானாகவே பாதியாகக் குறைந்திருக்கும், இசையில் ஒரு இழைகூடக் குறையாமல்.

டிஜிட்டல்_தாஸ்

முள் விஷயம் அருமை ஐயா. இன்டர்நெட் ஆர்கைவ்ல அந்தப் பெரிய 78 திட்டத்துல ஒரே நேரத்துல நாலு முள் வச்சு எடுத்திருக்காங்க, நாலையும் தனித்தனியா போட்டிருக்காங்க. எந்தச் சீரமைப்பும் இல்லாத கச்சா ஒலி. ஒரே பாட்டை நாலு முள்ளுல கேட்டா நீங்க சொன்னது சட்டுனு புரியும். முரளி, அவசியம் கேளுங்க.

ஆனா என் வாதத்தை விடலை. ஆஸ்திரேலியாக்காரர் ராபர்ட் பார்க்கர் 1980-களில் பிபிசிக்காக 'ஜாஸ் கிளாசிக்ஸ் இன் டிஜிட்டல் ஸ்டீரியோ' தொடர் செஞ்சார். மோனோவை ரெண்டு பக்கமா விரிச்சு, கொஞ்சம் எதிரொலி சேர்த்து, ஒரு மண்டபத்துல உட்கார்ந்து கேட்கிற மாதிரி பண்ணினார். மூல ஒலியில கை வைக்கக் கூடாதுங்கிற ஆட்கள் திட்டினாங்க. ஆனா எத்தனை பேர் அதைக் கேட்டுட்டு ஜாஸுக்குள்ள வந்தாங்க! இப்ப குரல், டிரம், பித்தளைன்னு ஒவ்வொன்னையும் பிரிச்செடுக்கிற செயற்கை நுண்ணறிவு வந்தாச்சு. நாளைக்கு ஆலிவர் இடது பக்கம், ஆர்ம்ஸ்ட்ராங் வலது பக்கம்னு கேட்கலாம். அது தப்பா?

பழையதட்டு

தப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் அது வேறு பண்டம். ஆர்ம்ஸ்ட்ராங் எங்கே நின்றார் என்பதே அந்தப் பதிவில் ஒரு செய்தி. அவர் சத்தம் ஆலிவரை அமுக்கிவிட்டது, அதனால் அவரைக் கூம்பிலிருந்து பல அடி பின்னால், மூலையில் நிற்கவைத்தார்கள் என்று பியானோ வாசித்த லில் ஹார்டின் பிற்காலத்தில் சொன்னார். கேளுங்கள், இரண்டாம் கார்னெட் தூரத்தில்தான் இருக்கும். இருபத்தோரு வயதுப் பையன், குருவுக்கு மரியாதையாகப் பின்னால் நின்று ஊதுகிறான். அந்த இடைவெளியை மூடி, இருவரையும் சரிசமமாக இரண்டு பக்கம் வைத்தால் கேட்க இனிமையாக இருக்கலாம். ஏப்ரல் 1923-ல் அந்த அறையில் நடந்தது அதுவல்ல. அந்தப் பதிப்பை வெளியிடுங்கள், பெயரையும் மாற்றி வெளியிடுங்கள். 'ரீமாஸ்டர்' என்ற சீட்டை ஒட்டாதீர்கள்.

யாழ்_குமரன்

தாஸ் அண்ணை, உங்களுக்கு உண்மையான ஸ்டீரியோ வேணுமெண்டா ஒண்டு இருக்கு. 1932 பெப்ரவரியில டியூக் எலிங்டன் குழு விக்டருக்கு வாசிச்ச ரெண்டு கதம்பப் பதிவுகள். ரெண்டு பதிவு இயந்திரங்கள் வேற வேற மைக்கில இருந்து ஒரே நேரத்தில வெட்டியிருக்கு. ஸ்டீரியோ எண்டு நினைச்சுச் செய்ததில்லை, ஒண்டு காப்புப் பிரதி மாதிரி. ஐம்பது வருசம் கழிச்சுச் சேகரிப்பாளர்கள் ரெண்டு தட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒலிச் சமநிலை வேறயா இருக்கெண்டு கண்டு, ஒண்டோட ஒண்டு பொருத்தினார்கள். குழு உங்களுக்கு முன்னால விரிஞ்சு இருக்கும். ஒரு பொய்யும் சேர்க்கேல்லை.

சேது_கொல்கத்தா

இழையை மௌனமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அரக்குப் பேச்சு வந்ததால் ஒரு துணுக்கு. டெடி வெதர்ஃபோர்ட் என்ற பியானோக்காரர் 1926-ல் சிகாகோவில் எர்ஸ்கின் டேட் குழுவில் ஆர்ம்ஸ்ட்ராங்கோடு சேர்ந்து பதிவு செய்தவர். அப்புறம் ஆசியாவுக்கு வந்துவிட்டார். ஷாங்காய், பம்பாய் தாஜ், கடைசியாக எங்கள் ஊர் கிராண்ட் ஹோட்டல். 1940-களில் இங்கேயே கொலம்பியாவுக்குத் தட்டுகள் பதிவு செய்தார். 1945-ல் காலராவில் இறந்தார், இந்த ஊரிலேயே. ஆலிவருக்குக் கிடைத்த மாதிரி ஒரு முழுத் தொகுப்பு, நல்ல தட்டுகளைத் தேடிப்பிடித்து, இவருக்கும் யாராவது செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பழைய வீடுகளைக் காலி செய்யும்போது தட்டுகள் மூட்டை மூட்டையாகப் போகின்றன. அவற்றில் எத்தனை இருக்குமோ.

வழக்கறிஞர்_மலர்

ஏன் இத்தனை பதிப்புகள் என்பதற்குச் சட்டத்திலும் காரணம் இருக்கிறது. ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமை முன்பு 50 ஆண்டுதான். 2013-ல் 70 ஆக்கினார்கள், ஆனால் ஏற்கெனவே காலாவதியானவை திரும்பவில்லை. அதனால்தான் ஜேஎஸ்பி மாதிரி பிரிட்டிஷ் லேபிள்கள் 1920-களின் பதிவுகளை மலிவாகக் கொண்டுவர முடிந்தது. அமெரிக்காவில் 1972-க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் மாநிலச் சட்டங்களில் சிக்கிக் கிடந்தன. 2018 சட்டத்துக்குப் பிறகுதான் வழி திறந்தது. 1923-க்கு முந்தியவை எல்லாம் 2022 ஜனவரி 1-ல் பொதுச் சொத்தாயின. ஆலிவரின் 1923 பதிவுகள் 2024 ஜனவரி 1-ல். 1925-ல் வந்தவை 2026 ஜனவரி 1-ல். இனி வருடத்துக்கு ஒரு வருடம் திறந்துகொண்டே போகும்.

இதன் மறுபக்கம்தான் முரளி பார்த்த குப்பை. யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம் என்பதால் ஏதோ ஒரு சிடியிலிருந்து எடுத்து, ஒரு வடிகட்டியில் போட்டு, 'ரீமாஸ்டர்' என்று ஏற்றிவிடுகிறார்கள். மூலத் தட்டைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஜான் டேவிஸ் மாதிரி ஒருவர் செய்த உழைப்பு பெயரில்லாமல் பத்து இடத்தில் சுற்றுகிறது.

முரளி_திருச்சி

ஆர்க்கியோஃபோன் பதிப்பில் 'சைம்ஸ் புளூஸ்' கேட்டேன், பிறகு ஸ்ட்ரீமிங்கில் முதலில் வந்த பதிப்பையும் கேட்டேன். நீங்கள் எல்லாரும் சொன்னதை இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டபோதுதான் உணர்ந்தேன். பியானோ மணி அடிக்கிற மாதிரி வாசித்து முடித்ததும் ஆர்ம்ஸ்ட்ராங்கின் தனி வருகிறதே, அவர் தட்டில் பதிவான முதல் தனி, ஸ்ட்ரீமிங் பதிப்பில் அது ஒரு மெட்டாக மட்டும் கடந்து போயிருந்தது. இதில் ஒவ்வொரு சுரத்தையும் அவர் கொஞ்சம் தள்ளி வைப்பது கேட்கிறது. பின்னால் பேன்ஜோ விடாமல் நடக்கிறது. இரைச்சல் இருக்கிறது, சரியாக எப்போது அதைக் கவனிக்காமல் விட்டேன் என்று தெரியவில்லை. தாஸ் சார், என் அக்கா மகனுக்கும் போட்டுக் காட்டினேன். அவனுக்கு இரைச்சல் தொந்தரவாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து ஹாட் ஃபைவ். ஜேஎஸ்பி பெட்டியை எங்கிருந்து தொடங்குவது? நேராக 'வெஸ்ட் எண்ட்' போகலாமா?

டிஜிட்டல்_தாஸ்

பார்த்தீங்களா, அக்கா மகன் என் கட்சி. அவனுக்கு ராபர்ட் பார்க்கரைப் போட்டுக் கொடுங்க, ஆலிவருக்கு அவனே பிறகு வருவான். நான் சொல்றது வாசல் பற்றி மட்டும்தான்.

பழையதட்டு

வாசல் வேண்டும் என்பதை ஏற்கிறேன் தாஸ். அந்த வாசலில் நின்றுவிடாமல் உள்ளே கூட்டிப்போக ஆள் இருந்தால் போதும், முரளி இருக்கிறார்.

முரளி, நேராக 'வெஸ்ட் எண்ட்' போகாதீர்கள். முதல் இறுவட்டின் முதல் தடங்களிலிருந்து தொடங்குங்கள், 1925 நவம்பர் 12, சிகாகோ. அன்று பதிவானவற்றில் 'கட் பக்கெட் புளூஸ்' இருக்கிறது. ஜானி செயின்ட் சிர் பேன்ஜோவில் ஆரம்பிப்பார், ஆர்ம்ஸ்ட்ராங் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உற்சாகப்படுத்துவார். இரண்டு வருடத்துக்கு முன் மூலையில் நின்ற பையன் இப்போது தன் பெயரில் குழு வைத்துக்கொண்டு பேசுகிறார். குரல் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். அங்கிருந்து வரிசையாக வந்தால் 1927 மே மாதம் ஹாட் செவனில் ஒலியே திடீரென்று திறக்கும், மைக் வந்த பிறகு எடுத்தது. பேபி டாட்ஸின் கைத்தாளமும் ட்யூபாவும் கேட்கத் தொடங்கும். 'பொட்டேட்டோ ஹெட் புளூஸ்'-ல் குழு ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டு நிற்க, ஆர்ம்ஸ்ட்ராங் தனியாக நடக்கும் பகுதி வரும். அதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். இன்னொரு கார்னெட்காரர் பிக்ஸ் பைடர்பெக்கின் ஜெனெட் தட்டுகள் பற்றி அப்புறம் தனி இழை போடுகிறேன், அங்கே வேகப் பிரச்சினையில் கலா உதவி தேவைப்படும்.

வீணை_கலா

போடுங்க, நான் தம்புராவோட வர்றேன். 1924 பிப்ரவரி 18-ல பிக்ஸ் வாசிச்ச உல்வரீன்ஸ் குழுவோட பதிவுகளிலிருந்து ஆரம்பிக்கலாம். உங்களிடம் இருக்கிற பதிப்புகள் எதெதுன்னு முதல்லயே எழுதிடுங்க, ஒரே பதிப்பைத்தான் பேசுறோமான்னு தெரியணும்.